நாற்பத்தேழாம் பகுதி

புதிதாக எடுத்ததில்
நாற்பத்தேழாம் பகுதி இல்லை.
நாற்பத்தாறிலிருந்து நேராகப் போருக்குப் போய்விடுகிறார்கள்.

பழையதில் அந்த இருபத்திரண்டு நிமிடம்
எதுவுமே நடக்காது.
ஹிசனோ ஒரு பழத்தை உரித்துக் கொடுப்பாள்.
நதியின் இளவரசன் அதைக் கயிற்றில் கோர்ப்பான்.
கூரையடியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள்.
என்ன பழமோ,
தமிழில் குரல் கொடுத்தவர்கள் சப்போட்டா என்றார்கள்.
எட்டாம் வகுப்பு முடியும்வரை
ஜப்பானில் கூரைக்குக் கூரை
சப்போட்டா காய்கிறது என்று நம்பியிருந்தேன்.

கதை இவ்வளவுதான்:
மழை நின்றதும் அவன் அவளை மறந்துவிடுவான்.
நதிக்கு ஞாபகம் அதுவரைக்கும்தான்.
அடுத்த மழையில் அவள் கரைக்கு வந்து
குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே
முதலிலிருந்து பெயர் சொல்ல வேண்டும்.

முப்பத்தொரு புத்தகம் வந்தும் முடியவில்லை.
வரைகிற அம்மாளுக்கு மணிக்கட்டு வலி,
இரண்டு வருஷமாக ஒரு பக்கம்கூட இல்லை.
டிவியில் ஒருமுறை வந்தது.
சினிமாவாக ஒருமுறை:
நூறு நிமிடத்துக்குள் காதலித்தாக வேண்டும் என்பதால்
அதில் இரண்டே மழை.
ஆட்கள் நடித்த நாடகத்தில் நதி ஒரு நீலத் துணி.
இருபுறமும் பிடித்து ஆட்டியவர்களில்
ஒருவனின் கைக்கடிகாரம் தெரிந்தது.
ஒவ்வொன்றிலும் அவள் மறுபடி பெயர் சொல்கிறாள்.
ஒவ்வொன்றிலும் அவன் முதன்முறையாகக் கேட்டுக்கொள்கிறான்.

வேலூரில் இருப்பவர்களுக்கு
இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.
பாலாற்றுக்கும் எங்களை ஞாபகம் கிடையாது.
மணலில் லாரித் தடம்,
நடு ஆற்றில் கிரிக்கெட் ஸ்டம்ப்.

யுகந்தர் புத்தகக் கட்சி.
வரைந்தது மட்டுமே நடந்தது என்பான்.
“புக்கு முன்னாடி போகட்டும்னு
டிவிக்காரன் ஒப்பேத்தினதுதான் உன் சப்போட்டா.”
நான் டிவி கட்சி.
இரண்டாம் நம்பர் பஸ்ஸில் காட்பாடியிலிருந்து பாகாயம் வரை
இதற்குத்தான் சண்டை.
விருதம்பட்டில் ஆரம்பித்தால்
பாலம், கோட்டை அகழி,
ஆஸ்பத்திரி வாசலில் ஏறும் வங்காளப் பேச்சு,
தொரப்பாடி தாண்டியும் தீராது.
ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுவது என் வேலை.
அவனுக்குப் பாகாயத்தில் ஒரு வேலையும் இல்லை.
இறங்கி, ரோட்டைக் கடந்து,
அதே பஸ்ஸில் திரும்பிப் போவான்.

எங்களை யாராவது படமெடுத்தால்
இதையெல்லாம் வெட்டிவிடுவார்கள்.
மோதிரம் இருக்கும்.
சத்துவாச்சாரி மாடி வீடு இருக்கும்.
அதே சத்துவாச்சாரி கோர்ட்டில்
அவன் பேனா எழுதாமல் போய்
என் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டது
கட்டாயம் இருக்கும், மெதுவாக ஓடும், மழையோடு.
(அன்று மழை இல்லை. நூற்றெட்டு டிகிரி.)

அப்புறம் ஒரு நவம்பரில் பாலாறு வந்தது.
செம்மண் நிறத்தில்,
யாரையும் தெரியாத முகத்தோடு வந்தது.
பாலத்தில் ஊரே செல்ஃபி எடுத்தது.
கழுத்தில் ஐடி கார்டோடு நானும் நின்றேன்.
கூட்டத்தில் தேடவில்லை என்றால் பொய்.
என் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
லாரி ஹாரனில் எனக்கே கேட்கவில்லை.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு போன்.
எண்ணை அழித்து வருஷமாயிற்று,
கடைசி மூன்று இலக்கம் மட்டும் அழிந்திருக்கவில்லை.
எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.
“அந்த சப்போட்டா எங்க?” என்றான்.
“வெட்டிட்டாங்க.”
“அதெப்படி வெட்டுவாங்க?”
“புக்ல இல்லையே, யுகந்தர்.”

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.
அவனுக்குப் பின்னால் மூன்று மொழியில்
ஒரு ரயில் தாமதமாகிக்கொண்டிருந்தது.
எந்த ஸ்டேஷன் என்று நான் கேட்கவில்லை.
ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
ஒரு மேகம் இல்லை,
மலைப்பாறை இன்னும் சூட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“பிரமிளா” என்றான்,
லைனில் இருக்கிறேனா என்று பார்ப்பதுபோல.